கற்பூரம் அணைக்காத உதயரூபன்

எங்கள் ஊரை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. கண்ணகை அம்மன் கோயில் சபையின் செயலாளர் நான். ஊரார் வேண்டுமானால் கோபிக்கட்டும்.

உதயரூபன் வாவியில் இறால் பிடிப்பவர், என் பக்கத்து வளவுக்காரர். சண்டைக் காலத்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நாவற்குடாவில் வீடெடுத்து இருந்தார்கள். இவர் அங்கே மூன்று வருடம் காவலாளி. ஞாயிறு காலையில் அவர்கள் பாயில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருப்பார்கள். அதுதான் அவர்களுடைய வழிபாடு. யாரையும் மதம் மாறச் சொன்னதில்லை. இவர் தானாகப் போய் உட்கார்ந்தார், நெற்றியில் திருநீற்றோடு. காத்தான்குடி முட்டை வியாபாரி முஹம்மட்டும் வந்து உட்கார்ந்தார். வெள்ளைக்காரர் போய் இருபத்தைந்து வருடமாகிறது. இவர்கள் இருவரும் உதயரூபன் வீட்டு விறாந்தையில் இன்றும் ஞாயிறு தவறாமல் அப்படி இருக்கிறார்கள்.

அந்த வெள்ளைக்காரரிடமிருந்து உதயரூபன் எடுத்துக்கொண்ட பழக்கம் இன்னொன்றும் உண்டு. சத்தியம் செய்ய மாட்டார். சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால் மற்ற நேரம் பேசுவதெல்லாம் பொய்யா என்று கேட்பார். குவேக்கர் சிலரை முன்னூற்றைம்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் தூக்கில் போட்டார்களாம். போட்டவர்கள், தங்கள் மதத்துக்கு இடைஞ்சல் என்று சொந்த நாட்டை விட்டு ஓடிவந்து அங்கே குடியேறியவர்கள். அந்தக் கதையைக் கேட்டு நானும் உச்சுக்கொட்டினேன்.

போன வைகாசியில், கோயிலின் வருடாந்தத் திருக்குளிர்த்திச் சடங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது, அம்மனின் பித்தளைத் தூண்டாமணி விளக்கைக் காணவில்லை. களஞ்சியப் பூட்டின் திறப்பைப் புழங்கியவர்கள், உதயரூபனோடு சேர்த்து, நாங்கள் நாலு பேர். அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் வழக்கம். கோயில் நிர்வாகத் தலைவரான வண்ணக்கர் இராசதுரை முதல் ஆளாக அணைத்தார். நானும் இன்னொருவரும் அணைத்தோம். உதயரூபன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் எடுக்கல்ல. எடுக்கல்லெண்டா எடுக்கல்லதான். அதுக்கு அம்மாளச் சாட்சிக்கு இழுக்க மாட்டன்."

ஊருக்கு அது போதும். கள்ளன் என்றார்கள், ஒளித்து மதம் மாறியவன் என்றார்கள். ஆனி முதல் கிழமை கோயிலில் நடக்கவிருந்த அவர் மகள் துசாந்தினியின் கல்யாணத்துக்கு இடமில்லை, அவர் வீட்டு நன்மை தின்மைக்கு ஒருவரும் போகக் கூடாது என்று சபை தீர்மானித்தது. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். அதற்கு முந்தின மாதம், எங்கள் தெய்வத்தை எங்கள் முறைப்படி வணங்க விடு என்று பட்டணத்து ஆர்ப்பாட்டத்தில் அரசாங்கத்துக்கு எதிராக நாங்கள் தூக்கிப் பிடித்த பதாகையை எழுதியவனும் நான்தான். சீ.

சடங்கு முடிந்த மூன்றாம் நாள், விளக்கு மினுக்குகிற கடையிலிருந்து வண்ணக்கருக்குத் தொலைபேசி வந்தது. விளக்கைச் சாக்கில் கட்டிக் கொடுத்தவர் அவரேதான். கொடுத்ததை மறந்துபோனாராம். எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம். வண்ணக்கர் என்னையும் கூட்டிக்கொண்டு உதயரூபன் வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று நம்பினேன்.

"விளக்கு கிடைச்சிட்டுது தம்பி. எண்டாலும் சபைத் தீர்மானத்தச் சும்மா மாத்த ஏலாது. பேருக்கு ஒரு கற்பூரத்த அணைச்சிடு. கலியாணத்தக் கோயில்லயே செய்வம்."

உதயரூபன் மகளைப் பார்த்தார். பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்த துசாந்தினி, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அண்டைக்குச் சொன்னதுதான் ஐயா," என்றார் அவர்.

திமிர் என்று வேலிப் படலையடியில் காறித் துப்பிவிட்டு நடந்தார் வண்ணக்கர். நானும் அவர் பின்னாலேயே போனேன்.

கல்யாணம் அவர்கள் வளவிலேயே பந்தல் போட்டு நடந்தது. கரடியனாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வான் வண்டியில் வந்தார்கள். முஹம்மட் குடும்பத்தோடு வந்தார். ஊரில் ஒருவரும் போகவில்லை. முதல் நாள் உதயரூபன் என் வீட்டுக்கும் வெற்றிலைத் தட்டோடு வந்து கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். தாலி கட்டும் நேரம் வேலிக்கு இந்தப் பக்கம், போனால் வண்ணக்கர் பார்த்துவிடுவாரோ என்று கதவைச் சாத்திக்கொண்டு நான் உள்ளே இருந்தேன்.