நாற்பத்தோரு சிவப்பு அம்பு

எழிலரசியின் கண்ணில் பட்ட தப்பு தப்பிக்காது. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாலு வருஷமாக ஃபைனல் செக்கிங். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். நல்ல ஜோடிக்கு ஸ்டிக்கர் கிடையாது. அது பேசாமல் பெட்டிக்குள் போய்விடும்.

நாவல் படிப்பதும் அதே கண்ணோடுதான். விரிஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஒரு நாவல் முடிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பிரித்து மேய்வாள். "முன்னூறு பக்கம் அந்த ராஜகுமாரன் காட்டுல நடக்கிறான், கால்ல ஒரு கொப்புளம் வரல. இன்னா தோல்டி அது?" என்பாள். போன மாதம் படித்த குடும்ப நாவலில் எட்டுப் பெண்கள் மாறி மாறி அழுதார்கள். "ஒருத்திகூட மூக்கைச் சிந்தல" என்றாள். கேட்ட பெண்களுக்குப் புரையேறிவிட்டது. உள்ளதைச் சொன்னால், கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்புக்காகவேதான் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தையல் பிரிவு வஹீதா மெலிசான நாவல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதிகம் வாய் திறக்காதவள். "தெரிஞ்சவங்க எழுதினதுக்கா. படிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். அட்டையில் ஏதோ புனைபெயர்.

தோல் வேலைக்குப் போகும் ஒரு தாயின் கதை. எழிலரசி ஸ்டிக்கர் சுருளோடு பஸ்ஸில் உட்கார்ந்தாள். மழை வர்ணனை நீளம், ஓர் அம்பு. ஒரே வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை வருகிறது, இன்னோர் அம்பு. நாற்பத்தொன்று ஒட்டியாயிற்று. கடைசி அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது. தாய் தன் மகளின் கல்யாணப் பட்டுப்புடவையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள். காய்த்துப்போன விரல் பட்டால் இழை பிரிந்துவிடுமே என்று, புறங்கையால் தடவிப் பார்க்கிறாள். எழிலரசி ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்று தடவை அதையே படித்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு அம்பாக வாசித்துக் காட்டினாள். ஒரே சிரிப்பு. வஹீதாவும் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கடைசி அத்தியாயத்துல ஒண்ணுமே ஒட்டலியேக்கா?"

எட்டுப் பேர் சிரிக்கத் தயாராக எழிலரசியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதேன் என்று சொன்னால் மானம் போய்விடும்போல் இருந்தது.

"அதுவரைக்கும் யாருடி படிச்சா? அதுக்குள்ள தூக்கம் வந்துடுச்சு" என்றாள்.

வஹீதா நாவலை வாங்கிக்கொண்டு, பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினாள்.

திங்கட்கிழமை, பக்கத்து மேஜை முத்துமாரி விஷயத்தை உடைத்தாள். "அது வஹீதா எழுதினதுதான்க்கா. நாலு வருஷமா எழுதினா. எங்கிட்ட மட்டும்தான் சொன்னா. நேத்து லைப்ரரில அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. கடைசி அத்தியாயத்தைப் படிக்கிறதா இருந்தா. தூக்கம் வர்ற கதையை எதுக்குப் படிக்கணும்னு போவாம இருந்துட்டா."

நாற்பத்தோரு தப்பும் தப்புதான். அதற்கு எழிலரசி வெட்கப்படவில்லை. அழுததை மறைத்ததற்குத்தான் வெட்கம். எதிரில் வந்த ஜோடியைக் கையில் எடுத்தாள், வைத்தாள். அதில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை.

டீ நேரத்தில் தையல் பிரிவுக்குப் போனாள். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். வஹீதா மட்டும் மெஷினில் இருந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன் வஹீதா. கடைசி அத்தியாயத்தை மூணு தடவை படிச்சேன். பஸ்ல அழுதேன்டி."

மெஷின் நின்றது. "நெஜமாவாக்கா?" வஹீதாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தாள்.

"சிரிச்சப்ப எட்டுப் பேர் இருந்தாங்க. இதை மட்டும் ஏன்க்கா யாரும் இல்லாதப்ப வந்து சொல்றீங்க?"

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று எழிலரசிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. வஹீதா அடுத்த தோலை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.