இரண்டு ஆவர்த்தன மௌனம்

சூடேறும் ஆம்ப்ளிஃபயரின் தூசி வாசனை. ஏதோ ஒரு ரிப்பேர் கடை வாசலில் அது மூக்கில் பட்டால் போதும், கழக்கூட்டத்தில் நண்பனின் வாடகை ஃப்ளாட்டுக்குப் போய்விடுகிறேன். கூடவே அந்தப் பொறாமையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கோவிலைச் சுற்றிய கோட்டைக்குள் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். பாட்டு கிளாஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டோம். பிறகு அவன் ஐரோப்பிய நவீன இசையைப் பிடித்துக்கொண்டான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானங்களில் அவன் தரையில் படுத்துக் கேட்பான். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் இரண்டு வயலினும் வயோலாவும் செல்லோவும் தனித்தனியாக வந்து நிற்கும். இருபது வருடமாக அது என் இடம்.

அன்று அதில் அவனுடைய ஆபீஸ் சிநேகிதி உட்கார்ந்திருந்தாள்.

"வாடா, அந்த மோடாவை இழுத்துப் போட்டுக்கோ" என்றான். இடது ஸ்பீக்கரை ஒட்டிக் கிடந்தது முதுகில்லாத அந்தக் குட்டை மோடா.

அவள் பையிலிருந்து எதையோ எடுத்து அவனிடம் கொடுத்தாள். நான் பார்க்காதவன் போல ஜன்னலில் ஹைவேயைப் பார்த்தேன்.

முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் நூறு தடவை கேட்ட குவார்டெட். நடுவில் நாலு வில்லும் சட்டென்று நின்றுபோகும். இந்த இசையில் தாளம் என்று ஒன்று கிடையாது. என் கைக்கு அது புரிந்ததே இல்லை. மௌனத்துக்கு ரகசியமாய் ஆதி தாளம் போட்டு வைத்திருக்கிறேன். எட்டெட்டாக, சரியாக இரண்டு ஆவர்த்தனம். மூன்றாவதின் முதல் தட்டில் வயோலா நுழையும்.

அன்று ரகசியம் வேண்டாம் என்று தோன்றியது. அவள் பார்க்கட்டும். கண்ணை மூடி, விரல் விரலாய் எண்ணி, கையை நன்றாக ஓங்கித் தட்டினேன்.

தட்டு மட்டும்தான் கேட்டது.

வயோலா வரவில்லை. ஹைவேயில் ஒரு லாரி போயிற்று. இன்னும் வரவில்லை. என் கை தொடையிலேயே ஒட்டிக் கிடந்தது. பிறகு வந்தது, மெல்ல, என் முகத்தைப் பார்க்கக் கூசியது போல.

குவார்டெட் முடிந்ததும் அவள் சொன்னாள்: "சேட்டா, இது வேறே ரெக்கார்டிங் ஆணு. இவர் குறச்சுகூடி நிறுத்தும்." இவர்கள் அந்த மௌனத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுவார்களாம்.

தரையிலிருந்து அவன்: "இத்தனை வருஷமா அங்க தாளமா போட்டிண்டிருந்தே? எங்கிட்ட சொல்லவே இல்லையேடா."

அவள் சிரித்திருந்தால் தேவலை. சிரிக்காமல், தன் தொடையில் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்புத் தப்பாக.

தம்பானூர் பஸ்ஸுக்கு என்னோடு இறங்கி வந்தான்.

"அடுத்த சனிக்கிழமை நம்ம பழைய ரெக்கார்டையே போடறேன். நாற்காலியும் உனக்குத்தான். போருமா?"

நான் பஸ் படியில் காலை வைத்துவிட்டேன்.

"வேண்டாம், அவளோடதையே போடு. எத்தனை ஆவர்த்தனம்னு அவளுக்கு முன்னாடி நான் எண்ணி முடிக்கணும்."