ஆர்வில் கைமாற்றிய துப்பாக்கி

என் அக்கா வெர்னாவின் புருஷன் ஆர்வில் டாக்கெட்டுக்கு ஒரு பொருள் கையில் இருந்தாலே உள்ளங்கை அரிக்கும். அதைக் கொடுத்து வேறொன்றை வாங்கும்வரை நிலைகொள்ள மாட்டான். எங்கள் கிழக்குக் கென்டக்கி மலைகளில் பண்டமாற்று செய்யாத ஆண்பிள்ளை கிடையாது. சர்ச் வாசலில்கூடப் பேனாக்கத்தி கைமாறும். ஆனால் ஆர்வில் காலையில் ஒரு படகோடு வீட்டை விட்டுப் போய், மாலையில் ஒரு புல்வெட்டும் வண்டியோடும் இரண்டு வாத்துகளோடும் திரும்பி வருகிற ரகம். வேலையும் அப்படித்தான். சுரங்கம், லாரி, கூரை வேய்வது என்று எதிலும் வேர் பிடிக்கவில்லை. வெர்னா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நின்றது.

அந்தத் துப்பாக்கி ஒரு மரம் அறுக்கும் ரம்பத்துக்குப் பதிலாக வந்தது. நடுவில் மடிந்து திறக்கும் ஒற்றைக்குழல். ஒரு தோட்டா போடலாம், ஒரு முறை சுடலாம், மறுபடி மடித்துத் திறந்து இன்னொன்று போடவேண்டும். கடையில் இருப்பதிலேயே மலிவான வகை. கட்டை சாதாரண மரம், மேலே சாயம். வாரம் முடிவதற்குள் யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் ஆர்வில் அதை வாங்கினான்.

என்னுடைய டயர் கடைக்குத்தான் முதலில் கொண்டுவந்தான். அங்கே எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் ஹோபர்ட்டிடம் நீட்டினான்.

"இதுல கெட்டுப்போக என்ன இருக்கு ஹோபர்ட்? கதவுக் கீல் மாதிரி மடியுது. தோட்டாவப் போடு, மூடு, பின்னால இருக்கிற குதிரைய இழு, சுடு. அவ்ளோதான்."

"ரெண்டாவது குண்டுக்கு?"

"மறுபடி திற, போடு."

"அதுவரைக்கும் மான் நிக்குமா? கொஞ்சம் பொறுப்பான்னு நான் அதுகிட்ட கெஞ்சணுமா?"

கடையே சிரித்தது. ஆர்வில் விடவில்லை. "எடைய பாரு, தூக்கிட்டு மலையேறினா தெரியவே தெரியாது" என்றான். ஹோபர்ட் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "எடை இல்லன்னா சுடும்போது உதை எங்க போகும்? என் தோளுக்குத்தான் வரும்" என்று திருப்பிக் கொடுத்தான். அதுவும் உண்மைதான். முந்தின நாள் ஆர்வில் சுட்டுப் பார்த்ததில் தோளில் நாவற்பழ நிறத்தில் ஒரு வீக்கம் வந்திருந்தது. சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டு மறைத்திருந்தான்.

சந்தைக்குக் கொண்டுபோனான். பாதிரியாரிடம் கேட்டான். பஸ் ஓட்டுகிறவனிடம் கேட்டான். ஒருவரும் தொடவில்லை. கடைசியில் அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்ச் சாய்ந்தது. ஆர்வில் அதை மறந்துவிட்டு வேறு எதையோ துரத்திக்கொண்டு போய்விட்டான்.

அதை எடுத்தவள் வெர்னா. நவம்பரில் மான் வேட்டைக்கான அனுமதிக் காலம் திறந்ததும், லீவு நாளில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனாள். வேலி தாண்டும்போது மடித்துத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டால் பயமே இல்லை என்பது அவளுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. உதைக்கு, கட்டை தோளில் படும் இடத்தில் பழைய ரப்பர் பாய்த் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டாள். குளிரில் கட்டைவிரல் விறைத்தால் குதிரை வழுக்குகிறது என்று, என்னிடம் வந்து அதில் ஒரு சின்ன இரும்பு நீட்டம் போடச் சொன்னாள்.

ஒருநாள் திருப்புளி கேட்டு வந்தாள்.

"குண்டு இடது பக்கமே போகுதுடா லைல். மேல மாட்டின குறி பாக்கிற ஸ்கோப்பத் திருகித் திருகிப் பாத்துட்டேன். குழலுக்கு அடியில முன்கட்டையப் பிடிச்சிருக்கிற திருகாணி இருக்குல்ல, அதை ரொம்ப இறுக்கினா குழலை நெம்புதுன்னு நினைக்கிறேன்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. தளத்திப் பாத்தேன், நேரா போச்சு."

"தொடர்ந்து சுட்டா?"

"குழல் சூடானா அலையும். எனக்கு எதுக்குத் தொடர்ந்து? சூடாகாத குழல்ல மொத குண்டு சொன்ன எடத்துல போகுது. அது போதும்."

அப்புறம் வருஷாவருஷம் அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் மான்கறி இருந்தது. ஆர்வில் அதைத் தின்றான், வந்தவர்களுக்கும் வறுத்துப் போட்டான், "எங்க மேட்டு மான்" என்று பெருமையடித்தான். சுட்டது வெர்னா என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதைப்பற்றி நின்று யோசிக்க அவனுக்குப் பொழுதில்லை.

அப்படியிருக்கும்போது, அந்தத் துப்பாக்கியைச் செய்த கம்பெனி அந்த வகையையே நிறுத்திவிட்டது. நேற்றுவரை சீந்தாதவர்களெல்லாம் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு வளர்க்கும் மெர்ல் ஸ்டம்போ காதுக்கு ஆர்வில் பெயர் எட்டியது. அவரே தேடி வந்து, நல்ல ஸ்கோப்பும் தோல் வாரும் போட்ட, ஐந்து தோட்டா கொள்ளும் துப்பாக்கி ஒன்றை நீட்டினார். ஆர்வில் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நேராக என் கடைக்கு வந்து குதித்தான். "பாத்தியா! எவனும் தொடாத சாமானுக்கு என்ன கெடைச்சிருக்குன்னு பாத்தியா!"

"வெர்னாகிட்ட கேட்டியா?"

"என் துப்பாக்கிக்கு அவகிட்ட என்னத்தக் கேக்கறது? வா, அவ மூஞ்சியப் பாக்கணும்."

என்னை இழுத்துக்கொண்டு போனான். வெர்னா வேலை முடிந்து வந்து அடுப்பில் பீன்ஸ் கொதிக்கவிட்டு, சோள ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். ஆர்வில் புதுத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

"என்னுது எங்க?"

"உன்னுதா? அந்த மடக்குக் குச்சியா? அதைத் தள்ளிட்டு இதை வாங்கியிருக்கேன். நீயே வெச்சுக்கோ. அஞ்சு குண்டு போகும் வெர்னா!"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, புதுத் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தாள். இடது தோளில். அதன் கைப்பிடி வலது பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. சுட்டபின் அடுத்த தோட்டா ஏற அதை இழுக்க வேண்டுமென்றால் அவள் கையைத் துப்பாக்கிக்கு மேலே வளைத்துக் கொண்டுபோக வேண்டும்.

"நான் எந்தக் கையால ரொட்டி வெட்டினேன் ஆர்வில்?"

அவன் அவள் வைத்த கத்தியைப் பார்த்தான்.

"இத்தனை வருஷம் ஒரே மேஜையில சாப்பிடறோம். நான் இடது கைக்காரி. அது எந்தக் கைன்னு கேக்காத துப்பாக்கி. அதான் அதை எடுத்தேன்."

எங்களுக்கு பீன்ஸ் ஊற்றிவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய்விட்டாள். ஆர்வில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், லாரியின் முன்மூடியைத் திறந்து காரணமில்லாமல் எண்ணெய் பார்த்தான். "நாளைக்கே வாங்கிட்டு வந்துடறேன்" என்று படியைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் நானும் கூடப் போனேன். ஸ்டம்போ அமைதியான மனிதர், ஆனால் இளகாதவர்.

"கை குலுக்கினோமா இல்லையா டாக்கெட்?"

"குலுக்கினோம். தப்பு என்னுது. அது என் சம்சாரத்தோட துப்பாக்கி."

"அப்ப அதைக் குடுக்க நீ யாரு?"

ஆர்வில் அவருடைய துப்பாக்கியைத் திருப்பி நீட்டினான். கூட ஒரு படகும் தருகிறேன் என்றான். லாரியையே தருகிறேன் என்றான். ஸ்டம்போ எதுவும் வேண்டாம் என்று தலையாட்டினார். அப்புறம் மேய்ச்சல் நிலத்தைக் காட்டினார்.

"அந்த வேலி பூரா உளுத்துப்போச்சு. புதுக் கம்பம் நட்டு முடி. முடிச்சா எடுத்துட்டுப் போ. நடுவுல ஓடினா துப்பாக்கி எனக்கு."

ஒரு வேலையில் ஒரு மாதம் தங்காதவனிடம் கேட்கக்கூடாத விலை அது. ஆனாலும் ஒப்புக்கொண்டான். அந்த மேய்ச்சலில் அவன் பட்ட பாட்டை நான் போகும்போதெல்லாம் பார்த்தேன். குழி தோண்டுவான், கடப்பாரையை விட்டுவிட்டுச் சாலையைப் பார்ப்பான். யாராவது எதையாவது ஏற்றிக்கொண்டு போனால் அவன் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். ஒருநாள் தாங்க முடியாமல் சந்தைக்கு ஓடியே விட்டான். மறுநாள் திரும்பிவந்து ஸ்டம்போ முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"ஓடிட்டேன்."

"தெரியும். மாடு ரெண்டு வெளிய போயிடுச்சு. அதுங்களப் பிடிச்சிட்டு வந்து ஆரம்பி."

வேட்டை திறப்பதற்குச் சில நாள் முன்னால் வேலி முடிந்தது. ஆர்வில் துப்பாக்கியோடு வந்தபோது உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. வெர்னா வாங்கி மடித்துத் திறந்து குழல் வழியே வெளிச்சம் பார்த்தாள். விரலால் முன்கட்டைத் திருகாணியைத் தடவினாள்.

"யாரு இதை இறுக்கினது?"

"ஸ்டம்போவா இருக்கும்."

"டிராயர்ல திருப்புளி இருக்கு. எடு."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் திருகாணியைத் தளர்த்தினாள். பிறகு அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து மாட்டு மடிக்குத் தடவும் களிம்பு டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவ்வளவுதான் பேச்சு.

திறப்பு நாள் சனிக்கிழமை. வெர்னா இருட்டோடு மேட்டுக்குப் போய்விட்டாள். ஆர்வில் என் கடையில் வந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. டயரை எண்ணினான், காபியை ஊற்றிவிட்டுக் குடிக்காமல் வைத்தான், வாசலுக்குப் போய்ப் போய் வந்தான். பொழுது நன்றாக ஏறினபின் மேட்டுப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது.

ஹோபர்ட் காதைத் தீட்டினான். அடுத்தது வரவில்லை.

"மான் நின்னிருக்கும்போல இருக்கே" என்றான்.

ஆர்வில் அதற்குள் லாரியிலிருந்து கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைத் தாண்டிவிட்டான்.

அவன் ஒன்றும் திருந்திவிடவில்லை. கிறிஸ்துமஸ் வருவதற்குள் லாரியைக் கொடுத்து ஒரு டிராக்டரும், டிராக்டரைக் கொடுத்து ஓட்டை லாரி ஒன்றும் வாங்கிவிட்டான். ஆனால் எதைத் தள்ளுவதற்கு முன்னாலும் என் கடையிலிருந்து ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்குப் போன் போடுகிறான்.

"வெர்னா, அந்தப் பழைய ஏணி, அது யாருது?"