பெரில் வீட்டு ஜப்தி

ரேவன்ஃபர்த் ஊரில் யாரையும் மழையில் நிற்கவைத்துப் பேசுகிற வழக்கம் கிடையாது. தபால்காரனோ, வேதம் சொல்ல வருகிறவனோ, யாராக இருந்தாலும் மழை பெய்தால் உள்ளே வந்தாக வேண்டும். வந்தால் தேநீர் குடித்தாக வேண்டும். பெரில் ஹோல்ராய்டும் அப்படி வளர்ந்தவள்தான். ஆயுசில் பாதியைப் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே கழித்தவள். வந்தவரை வெறும் வாயோடு அனுப்பினால் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. அந்தப் பாழாய்ப்போன நல்ல பழக்கம்தான் ஜப்திக்காரனை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

நவம்பர் மாதத்துக் காலை. வாசலில் வாட்டசாட்டமான ஓர் ஆள், நெஞ்சில் சின்னக் கேமராவை மாட்டிக்கொண்டு தலை சொட்டச் சொட்ட நின்றான்.

"வீட்டு வரி விஷயமா நகரசபை அனுப்பிச்சுதும்மா. என் பேரு கிரேக். உள்ள வந்து பேசலாமா? மழை வெளுத்து வாங்குது."

"அட, வாப்பா. காலை நல்லாத் தொடச்சுட்டு வா, இப்பதான் கூட்டினேன். டீ போடறேன். சர்க்கரை எத்தனை?"

"ரெண்டும்மா."

தேநீர் குடித்தான். பிஸ்கட்டும் தின்றான். கண் மட்டும் வீட்டை மேய்ந்துகொண்டே இருந்தது. முன்னறையில் பெரிலின் கணவர் டெஸ் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்தது பொத்தானை அழுத்தினால் ஆளை மெல்லத் தூக்கி நிறுத்துகிற சாய்வு நாற்காலி. ஓய்வுப் பணத்தில் தனக்கென்று அவர் வாங்கிக்கொண்ட ஒரே பொருள்.

"இந்த நாற்காலி இல்லேன்னா அவரால எந்திரிக்கவே முடியாதுப்பா," என்றாள் பெரில்.

"குறிச்சுக்கறேன்மா."

எங்கே குறித்தான்! தொலைக்காட்சி, சலவை இயந்திரம், நாற்காலி என்று ஜப்திப் பட்டியலில்தான் எழுதினான். கீழே பெரிலைக் கையெழுத்துப் போடச் சொன்னான்.

"நோயாளி வீடுன்னு எங்களுக்கு வரியில சலுகை உண்டே. நாங்க பாக்கியே வைக்கலையே."

"அதெல்லாம் நகரசபைகிட்ட கேளுங்க. நான் வசூல் பண்றவன். இது சும்மா ஒரு சம்பிரதாயக் கையெழுத்துதான்."

கையெழுத்தை வாங்கிக்கொண்டு, டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான், புண்ணியவான்.

பெரில் நகரசபைக்குத் தொலைபேசியில் பேசினாள். காது சுடச் சுடப் பாட்டுப் போட்டுவிட்டு, கடைசியில் "விசாரிக்கிறோம்" என்றார்கள். அவர்கள் விசாரித்து முடிப்பதற்குள், அவள் மருந்துக்கடைக்குப் போயிருந்த ஒரு மதியம், கிரேக் பூட்டுத் திறக்கிறவனோடு வந்து கதவைத் திறந்துவிட்டான். டெஸ்ஸை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சமையலறை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலியை வண்டியில் ஏற்றினான்.

பெரில் தெருமுனை திரும்பியபோது நாற்காலி நடைபாதையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தெருவே நின்று பார்த்தது. எதிர்வீட்டு ஜாய்ஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். உள்ளே டெஸ் முக்காலியில், பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார். கால்சட்டை நனைந்திருந்தது.

"எல்லாத்தையும் ஒழுங்காக் கட்டிட்டேன்னுதான் நெனச்சேன், பெரில்," என்றார். "எங்கயோ விட்டுட்டேன் போல."

கடன் என்ற சொல்லையே வாயில் வைத்துப் பேசாத மனுஷன். கறிக்கடையில் சில்லறை குறைந்தால்கூட வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தவர். அன்றிலிருந்து அவர் ஜன்னல் பக்கமே போகவில்லை. யார் வந்தாலும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லாமல் கொள்ளாமல் சலுகையை ரத்து செய்து பாக்கி என்று எழுதியது நகரசபையின் தவறு என்று பெரில் தொண்டை வறளச் சொன்னாள். அவருக்கு ஏறவில்லை. பெண்டாட்டி அப்படித்தானே சொல்வாள்? தவறு செய்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். பெரிலுக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான்: டெஸ் உயிரோடு இருக்கும்போதே, உனக்குக் கடனே இல்லை என்று நகரசபை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

நடையாய் நடந்தாள். வசூல் நிறுவனத்தில் கேட்டால், "நகரசபை சொன்னதைச் செஞ்சோம்." நகரசபையில் கேட்டால், "அது நிறுவனத்துமேல நீங்க குடுக்க வேண்டிய புகார்." இரண்டு பேரும் பந்து விளையாடினார்கள். பந்துக்கு மூட்டுவலி இருந்தது, பஸ் செலவு இருந்தது, வீட்டில் நோயாளியும் இருந்தார்.

இலவச ஆலோசனை மையத்தில் இருந்த பெண்தான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டவள்.

"அவனை நீங்களா உள்ள விட்டீங்க?"

"மழை பெஞ்சுதேம்மா."

"ஐயோ, டீ வேற குடுத்தீங்களாக்கும்?"

"பிஸ்கட்டும்."

அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "இந்த ஊர்க்காரங்க எல்லாருமே இதையேதான் பண்றீங்க. நீங்க உள்ள விடலேன்னா வரி பாக்கிக்காகக் கதவை உடைக்க அவனுக்கு அதிகாரமே கெடையாது. ஒருதரம் விட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டா, அடுத்ததரம் பூட்டைத் தொறந்துட்டு வரலாம். அதுக்குத்தான் மழை பெய்யற நாளாப் பாத்து வர்றான்."

பெரிலுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டேனே என்று அங்கேயே அழுதாள்.

"அழாதீங்க. நோயாளியப் பாத்ததுமே அவன் திரும்பிப் போய்த் தகவல் சொல்லியிருக்கணும். சொல்லல. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அவன் செஞ்சதுக்கும் நகரசபைதான் பதில் சொல்லணும். அவன் நெஞ்சுல மாட்டியிருந்த கேமராப் படத்தை அழிக்கறதுக்குள்ள எழுதிக் கேளுங்க."

நகரசபையின் பதில் முதலில் வந்தது. திருமதி ஹோல்ராய்ட் வசூல் அலுவலரை இன்முகத்தோடு வரவேற்றுச் சிற்றுண்டி வழங்கியதால் அத்துமீறலுக்கு இடமில்லையாம். அடப் பாவிகளா! கொடுத்த தேநீரையே எடுத்து முகத்தில் ஊற்றினார்கள்.

பிறகு படம் வந்தது. ஆலோசனை மையத்துக் கணினியில் பெரில் தன் குரலையே கேட்டாள். "சர்க்கரை எத்தனை?" என்று எவ்வளவு குஷியாகக் கேட்டிருக்கிறாள்! கேட்கவே வெறுப்பாக இருந்தது. ஆனால் அவன் "குறிச்சுக்கறேன்மா" என்றதும் பதிவாகியிருந்தது. இரண்டாம் முறை வந்தபோது டெஸ் அவனிடம் சொன்னதும் இருந்தது: "தம்பி, நான் விழுந்துடுவேன்." பெரில் அதற்குமேல் பார்க்கவில்லை. நகரசபைமேல் வருகிற புகார்களை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர் பார்த்தார்.

தீர்ப்பு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தவறு நகரசபையுடையது, சலுகையை ரத்து செய்ததும் தவறு, ஜப்திக்காரன் செய்ததும் நகரசபை செய்ததாகவே கொள்ளப்படும், மன்னிப்புக் கேட்டு நாற்காலிக்கு ஈடு கொடுக்க வேண்டும். நாற்காலி எப்போதோ ஏலத்தில் போயிருந்தது. ஜெயித்த செய்தியைப் படித்தபோது பெரிலுக்குச் சந்தோஷமாக இல்லை. படுத்தால் போதும் என்றிருந்தது.

"மன்னிப்பைத் தபால்ல அனுப்பறோம்," என்றார்கள்.

"தபால் வேண்டாம். ஆள் வரணும்," என்றாள்.

வரிப் பிரிவு அதிகாரி மிஸ் லாட்டிமர் ஒரு மாலையில் வந்தாள். சின்ன வயசு. முன்னறையில் டெஸ்ஸின் சக்கர நாற்காலிக்கு எதிரே சோபா நுனியில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததைச் சொன்னாள்.

"மிஸ்டர் ஹோல்ராய்ட், நீங்க எங்களுக்கு எதுவுமே பாக்கி வைக்கல. தப்பு எங்களுது. மன்னிச்சுக்கங்க."

டெஸ் கண்ணைத் திறந்தார். ரொம்ப நேரம் அவளையே பார்த்தார்.

"இதை இங்க சொல்றியே கண்ணு," என்றார். "நாற்காலியைத் தூக்கிட்டுப் போனது வெளியில இல்ல? பாத்தவங்க எல்லாம் வெளியிலதானே இருக்காங்க?"

"அது... தீர்ப்புல அப்படி இல்லீங்க. மேல கேட்டுத்தான்..."

கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும். பெரில் எழுந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டாள். பாதி மன்னிப்பை வாயில் வைத்துக்கொண்டு அதிகாரி எங்கே போவாள்? பின்னாலேயே வந்தாள். வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரம். ஜாய்ஸ் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

மிஸ் லாட்டிமர் காதெல்லாம் சிவக்க, தன் காலணியைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"சத்தமாச் சொல்லு கண்ணு," என்றார் டெஸ். "ஜாய்ஸுக்குக் காது மந்தம்."

அவள் நிமிர்ந்தாள். "டெஸ்மண்ட் ஹோல்ராய்ட் ஒரு பென்னிகூடக் கடன் வைக்கல. தப்பு நகரசபையோடது!"



"எனக்கு அப்பவே தெரியுமே!" என்றாள் ஜாய்ஸ். அவளுக்குத் தெரியாது. கடன்காரக் குடும்பம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளே அவள்தான். சண்டை போடலாம். பெரிலுக்கு அதற்குத் தெம்பில்லை, அழவும் தெம்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மிஸ் லாட்டிமர் காரில் ஏறிப் போனாள். காற்று ஊசியாய்க் குத்தியது. பெரில் சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"உள்ள போலாமா? குளிருது உனக்கு."

"கொஞ்சநேரம் இங்கயே இருக்கேன் பெரில்," என்றார் டெஸ். "பாக்கறவங்க பாக்கட்டும்."