வட்டப் பந்தயத்தில் இரண்டாம் ஆள்

அந்த வருடம் வைரக்கண்ணுவுக்கு முப்பத்தெட்டு முடிந்திருந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயக்காரனுக்கு அது ஓய்ந்து உட்கார வேண்டிய வயது. சித்திரையில் முதல் பந்தயத்துக்காக வண்டிகளை லாரியில் ஏற்றிக் கட்டும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"இந்த வருசத்தோட போதும் பாய்."

முகம்மது யூசுப் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். கும்பகோணத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர் அவர். மீசை அரும்பாத வயதில் வைரக்கண்ணு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவன். "போன வருசமும் இதைத்தான் சொன்னே, வைரம்" என்றார்.

சொன்னது உண்மைதான். ஆனால் பந்தயத்தை விட்டுவிட்டுப் பட்டறையில் மட்டும் கிடப்பதை நினைத்தாலும் அவனுக்கு அலுப்பாகத்தான் இருந்தது. பெரிய தெரு வழியாகச் சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லும் ஊரில் பிறந்தவன் அவன். திருப்பனந்தாளுக்குக் கிழக்கே நத்தக்கொல்லை. அந்த ஊர் மிராசுதாரின் மகன் துரைராசு, பட்டறையில் பழுது பார்த்த வண்டியை வைரக்கண்ணு ஓட்டிப் பார்த்ததை ஒருநாள் கண்டுவிட்டுத் தன் அணியில் சேர்த்துக்கொண்டான். அதுவரை 'டேய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், இரண்டு பந்தயம் ஜெயித்த பிறகு 'என்னப்பா' என்று கூப்பிடத் தொடங்கினான்.

ஜனங்கள் அதை வட்டப் பந்தயம் என்றார்கள். சாதாரண ரோட்டுப் பந்தயம் இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை, அதன்மேல் ரைஸ் மில்லிலிருந்து கொண்டுவந்து கொட்டிய உமிச் சாம்பல். வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. திருப்பத்தில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு நாலு சுற்று, நாலு பேர், அணிக்கு இரண்டு பேர். முதலில் வருபவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. அன்று மாலைக்குள் எல்லா ஓட்டத்தின் புள்ளியையும் கூட்டி எந்த அணி ஜெயித்தது என்று சொல்வார்கள். பருவம் முழுவதும் அதிகம் ஜெயித்த அணிக்குக் கோப்பை.

துரைராசுவின் அணிக்குக் காவிரி அணி என்று பேர். அதில் முதலில் பறப்பது சிங்காரவேலு. துரைராசுவின் அத்தை மகன், நல்ல வேகக்காரன். வைரக்கண்ணு அவனுக்குப் பின்னால் வர வேண்டும். எதிரணிக்காரன் வெளிப்பக்கம் ஏறினால் வெளியே விரிந்து அடைக்க வேண்டும், உள்ளே நுழைந்தால் உள்ளே சாய வேண்டும். அடுத்தவன் சக்கரம் வாரி அடிக்கும் சாம்பலும் மண்ணும் அவன் முகத்துக்குத்தான். பத்திரிகையில் சிங்காரவேலுவின் படம் வரும். அதில் வைரக்கண்ணுவுக்குப் பெரிய வருத்தமில்லை. அடைத்துக்கொடுப்பதும் ஒரு வித்தை என்று அவனுக்குத் தெரியும், கூட ஓடுகிறவர்களுக்கும் தெரியும்.

சேலம், கோயம்புத்தூர், திருச்சி, மதுரை என்று பருவம் ஓடியது. சனிக்கிழமை லாரியில் வண்டிகளோடு சாக்கு விரித்துப் படுத்தால் ஞாயிற்றுக்கிழமை பந்தயம், திங்கட்கிழமை மறுபடி பட்டறை. ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து ஊரெல்லாம் குறுவை நடவில் இருந்தபோது, அவன் மனைவி பொன்னுத்தாய் வயலில் இடுப்பொடிந்து வருவாள்; அவன் களத்தில் இடுப்பொடிந்து வருவான். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பார்கள்.

ஆடியில் மதுரைக்காரன் ஒருவனின் சக்கரம் உரசி வைரக்கண்ணு வேலிக் கட்டையில் போய் மோதினான். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. சீர்காழிப் பக்கம் ஒரு கட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தான். அவன் இல்லாமல் காவிரி அணி இரண்டு ஊரில் தோற்றது. அதன் பிறகு துரைராசு ஜீப்பில் வந்தான். தெருவுக்குள் வரவில்லை. வாய்க்கால் மதகோரம் ஜீப்பை நிறுத்தி ஆள் விட்டுக் கூப்பிட்டான்.

"உன் இடத்துல ரெண்டு பேரைப் போட்டுப் பாத்துட்டேன்ப்பா. ஒருத்தனுக்கும் அடைக்கத் தெரியல. கோப்பை கைக்கிட்ட வந்துட்டு நிக்குது."

"கை தூக்க முடியலைங்க சின்னய்யா."

"தூக்க வேணாம். புடிச்சா போதும்."

பத்தையை அவிழ்த்துவிட்டு வைரக்கண்ணு போனான். மார்புக்கு மேலே கை எழாது. சட்டையைப் பொன்னுத்தாய்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது.

அவள் அப்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தாள். கழக ஆட்சி வந்து சில வருடம் ஆகியிருந்தது. கூலிக்குச் சட்டம் போட்டார்கள், குத்தகைக்குச் சட்டம் போட்டார்கள். சட்டம் மதராஸிலிருந்து நத்தக்கொல்லைக்கு வந்து சேரவில்லை என்று சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் குறுவைக்கு அறுப்புக் கூலி நெல்லைக் கூட்டி அளந்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று தெருவே தீர்மானம் செய்திருந்தது. துரைராசுவின் அப்பா முடியாது என்றார். ஊரில் பாதி நிலம் அவருடையது. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஒருவரும் இறங்கவில்லை.

சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டே பொன்னுத்தாய் சொன்னாள்: "உன் வீட்டுக்காரரு யாரு வண்டியை ஓட்டுறாருன்னு சங்கத்துல கேக்குறாங்க."

"நீ என்னா சொன்னே?"

"வண்டிதான் ஓட்டுறாரு, அவங்க வயல்ல அரிவாள் எடுக்கலையேன்னேன்." பித்தானைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

புரட்டாசியில் கடைசிப் பந்தயம். தஞ்சாவூர் மைதானத்தில், திருச்சி அணியோடு. இரண்டு அணியும் சமமாக இருந்ததால் அன்று யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கோப்பை. முந்தின வெள்ளிக்கிழமை வண்டியேற்ற வைரக்கண்ணுவும் யூசுப்பும் காத்திருந்தார்கள். லாரி வரவில்லை. டிரைவர் முருகையன் எங்கே என்றும் தெரியவில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு, சாப்பிட்டு வருகிறேன் என்று வைரக்கண்ணு ஊருக்குப் பஸ் ஏறினான்.

மதகில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. ரோட்டின் குறுக்கே தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள், சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அந்த லாரி. பக்கப்பலகையில் நீலத்தில் 'காவிரி அணி' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை அவனே யூசுப்போடு நின்று எழுத வைத்திருந்தான். வண்டிகளைக் கட்டும் இடத்தில் வெளியூர் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக, அரிவாளோடு நின்றார்கள். வறட்சிச் சீமையிலிருந்து அழைத்து வந்தவர்கள் போலிருந்தது. அவர்கள் முகத்திலும் பயம்தான் தெரிந்தது. பின்னால் போலீஸ் வேன். ஓட்டுகிற இடத்தில் முருகையன் இருந்தான். வைரக்கண்ணுவைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வண்டி போகணும்னா எங்க மேல ஏத்திட்டுப் போங்க!" பொன்னுத்தாயின் குரல்தான்.

அடுத்துப் போலீஸ் விசில் ஒலித்தது. லத்தி இறங்கியது. வைரக்கண்ணு ஓடினான். ஒரு கான்ஸ்டபிள் அவன் முறிந்த தோளில் கைவைத்துத் தள்ளினான். வலியில் கண் இருண்டு வாய்க்கால் சரிவில் விழுந்தான். எழுந்து பார்த்தபோது பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாயின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. லாரி வேனைச் சுற்றிக்கொண்டு வயலைப் பார்த்துப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவன் மிராசுதார் வீட்டு ரைஸ் மில்லுக்குப் போனான். துரைராசு ஆபீஸ் அறையில் இருந்தான்.

"நம்ம லாரியிலயா சின்னய்யா?"

துரைராசு கணக்கு நோட்டை மூடினான். "அப்பா சொன்னாரு. நான் என்ன பண்றது? கதிர் கொட்டுதுப்பா." பிறகு, "பொன்னுத்தாய் அதுல இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான்.

"நெத்தி ஒடைஞ்சிருக்கு."

"நான் இன்ஸ்பெக்டர்கிட்டப் பேசுறேன். உன் வீட்டுக்காரியை மட்டும் விட்டுருவாங்க. நீ நாளன்னைக்கு வந்து ஓட்டிக் குடு. திங்கக்கிழமை காலையில நீயே போய்க் கூட்டிட்டு வா."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பல வருடம் கழித்து யோசித்தபோதும் அது ஏன் வரவில்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. தோள் விண்விண்ணென்று தெறித்தது. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. "சரிங்க" என்றான்.

மறுநாள் லாரியில் வண்டியேற்றப் போனபோது பலகையெல்லாம் வைக்கோலும் பதரும் கிடந்தது. யூசுப் துடைப்பத்தை எடுத்துக் கூட்டித் தள்ளினார். முருகையன் அருகில் வந்து, "எனக்குப் புள்ளகுட்டி இருக்குண்ணே" என்றான். "எனக்கும்தான் குடும்பம் இருக்கு" என்றான் வைரக்கண்ணு.

தஞ்சாவூரில் கூட்டம் வேலிக்கு மேல் ஏறி நின்றது. சிங்காரவேலு அவன் பக்கத்தில் வந்து மெதுவாக, "கேள்விப்பட்டேன். நீ இன்னைக்கு வராட்டி நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றான். வைரக்கண்ணு ஹெல்மெட் வாரை இறுக்கித் தரச் சொல்லித் தலையைக் காட்டினான்.

கடைசி ஓட்டம் வந்தபோது கணக்கு இப்படி நின்றது: சிங்காரவேலு முதலாவது வர வேண்டும், வைரக்கண்ணு திருச்சிக்காரர்களில் ஒருவனுக்காவது முன்னால் வர வேண்டும். புறப்படும் கோட்டில் குறுக்கே கட்டிய கயிறு மேலே எகிறியதும் சிங்காரவேலு பாய்ந்துவிட்டான். திருச்சியின் நல்ல ஓட்டக்காரன் வெளிப்பக்கமாக ஏறிவந்தான். வைரக்கண்ணு விரிந்தான். வண்டி சறுக்கச் சறுக்க இடது கால் சாம்பலைக் கிழித்துக்கொண்டு போனது. தோள் எலும்பு உள்ளே ஒன்றோடொன்று தேய்வதை உணர்ந்தான். திருச்சிக்காரன் உள்ளே வந்தான், இவனும் உள்ளே சாய்ந்தான். மூன்று சுற்று அப்படியே போனது. நாலாவது சுற்றில் கை மரத்துவிட்டது. கைப்பிடியை மார்பால் அழுத்திக்கொண்டு திரும்பினான். திருச்சிக்காரன் எங்கேயோ பின்னால் கத்தினான். கோடு தாண்டியபோது வைரக்கண்ணு இரண்டாவதாக வந்திருந்தான்.

கோப்பையைத் துரைராசுவும் சிங்காரவேலுவும் தூக்கிப் பிடித்தார்கள். வைரக்கண்ணுவுக்கும் ஒரு மாலை விழுந்தது. யூசுப் அவனை வண்டியிலிருந்து இறக்கியதே கைத்தாங்கலாகத்தான்.

திங்கட்கிழமை காலையில் கும்பகோணம் சப்-ஜெயிலுக்குப் போனான். துரைராசு சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான். வார்டர் பொன்னுத்தாயைக் கம்பிக் கதவு வரை அழைத்து வந்தான். நெற்றியில் கட்டு போட்டிருந்தது.

"வா தாயி, போவலாம். பேசியாச்சு."

"யாரு பேசுனா?"

அவன் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"நம்ம தெரு அம்சம் உள்ள இருக்கா. முழுகாம இருக்கா. ராசம்மாக்கா கையைத் தூக்க முடியாமக் கெடக்கு. அதுகளை விட்டுட்டு நான் மட்டும் வெளியில வந்து ஒலை வைக்கவா?"

"எனக்கு முடியலடி. தோளு..."

"தெரியுது." கம்பி வழியாகக் கையை நீட்டி அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "போயி வைத்தியருகிட்டக் காட்டுங்க. எல்லாரையும் விட்டா வர்றேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்தவன், யூசுப் தேடிக்கொண்டு வந்து டீ வாங்கிக் கொடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். உள்ளே இருந்த மற்றப் பெண்களின் புருஷன்மார்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். முதலில் அவனோடு ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர் பீடி நீட்டினார்.

தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது. வழக்கை வாபஸ் வாங்கினார்கள். பெண்கள் வெளியே வந்தபோது குறுவை அறுத்துக் களமேறிவிட்டது. அந்தக் குறுவையில் கூடுதல் கூலியை வாங்க அவர்களுக்கு அறுப்பே மிச்சமில்லை. சம்பா அறுப்புக்குத்தான் அது கைக்கு வந்தது.

அடுத்த சித்திரையில் துரைராசு ஆள் அனுப்பினான். முடியவில்லை என்று சொல்லி அனுப்பினான் வைரக்கண்ணு. அது பொய்யுமில்லை, தோள் கோணலாகவே ஒட்டியிருந்தது. அந்தப் பருவம் காவிரி அணி கடைசியாக வந்தது. பிறகு பெட்ரோல் விலை ஏறியது, நில உச்சவரம்பு வழக்குகளுக்காகத் துரைராசு கோர்ட்டுக்கு அலைய ஆரம்பித்தான், வண்டிகளை யாரோ வந்து வாங்கிப் போனார்கள்.

வைரக்கண்ணு பட்டறையிலேயே இருந்தான். சில வருடம் கழித்து, மிராசுதாரிடமிருந்து உபரி என்று எடுத்த நிலத்தில் ஒரு துண்டு பொன்னுத்தாய் பேரில் பட்டாவானது. மேட்டுப்பாங்கு, வாய்க்கால் தண்ணீர் லேசில் ஏறாத கொல்லை. முதல் நடவுக்கு அவனும் பட்டறைக்குப் போகாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். ஒரு முடி நாற்றை நட்டு முடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கரையேறுங்க. நீங்க நட்டது எல்லாம் மிதக்குது" என்றாள் பொன்னுத்தாய்.

அவன் வரப்பில் போய் உட்கார்ந்தான். அவள் அவன் நட்ட நாற்றையெல்லாம் பிடுங்கி, வரிசையாக மறுபடி ஊன்றிக்கொண்டு போனாள்.