அண்ணன் நிரப்பிய ஃபாரம்

வேலை செய்கிறவர்களின் வீட்டாரை அழைத்துச் சுற்றிக்காட்டும் ஃபேக்டரியின் குடும்ப நாளன்று, மூன்றாம் அசெம்ப்ளி லைனைப் பார்த்த தங்கையா அப்படியே நின்றுவிட்டார். அங்கே ஆளே இல்லை. போன வருடம் இதே இடத்தில் நீலத் தொப்பி போட்ட இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை அவர் எண்ணியே பார்த்திருக்கிறார். இப்போது மஞ்சள் நிறத்தில் ஆறு இரும்புக் கைகள் எடுத்தன, திருப்பின, வைத்தன. விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டிருந்தார்கள்.

“என்னாம்மா இது, இவ்வளோ இருட்டா இருக்கு?”

“அதுக்கு என்னாத்துக்குண்ணே லைட்டு? கண்ணா இருக்கு?” என்று தங்கை மலர்க்கொடி சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் ரெம்பியாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினார்.

பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் அந்த ஃபேக்டரியில் மலர்க்கொடி பத்தொன்பது வருடமாக மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். மெஷின் நின்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்திலிருந்து தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போன முதல் பெண் அவள். முப்பத்தொரு பேர் வகுப்பில் ஒரே பெண்ணும் அவள்தான். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தங்கையாதான் இரண்டு வருடம் அவளைத் தினமும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும், “எந்தங்கச்சி ஒரு மெஷினக் கழட்டி மாட்னா ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்காது” என்று யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்.

அப்பா போனதிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம். எந்த ஃபாரம் வந்தாலும் தங்கையாதான் நிரப்புவார். கறுப்புப் பேனா, பெரிய எழுத்து, மூன்று முறை சரிபார்ப்பு. கையெழுத்து வரவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. மலர்க்கொடி குறியைப் பார்ப்பாள், கையெழுத்துப் போடுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் ஒரு ஃபாரமும் தப்பு என்று திரும்பி வந்ததில்லை.

குடும்ப நாளுக்கு மறுவாரம் ஃபேக்டரியிலிருந்து ஒரு ஃபாரம் வந்தது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று, பினாங்கில் ஒன்பது மாதம் ரோபோ பழுதுபார்க்கும் பயிற்சி. மற்றொன்று, இழப்பீடு வாங்கிக்கொண்டு தானாக வேலையை விடுவது. வி.எஸ்.எஸ். என்பார்கள். தங்கையாவின் கண்ணில் அந்த ஆளில்லாத லைன்தான் நின்றது. இன்றைக்கு அந்தப் பெண்கள், நாளைக்கு இவள். துரத்தும்முன் தானாகப் போனால் மரியாதையாவது மிஞ்சும் என்று நினைத்து, இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். அவளிடம் சொல்ல வாயெடுத்தபோது ஃபேக்டரி வேன் ஹாரன் அடித்தது. அவள் ஷூ மாட்டியபடியே கையெழுத்துப் போட்டு, கொண்டுபோய் எச்.ஆர். பெட்டியில் போட்டுவிட்டாள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். சாயங்காலமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அவளிடமிருந்து ஃபோன்.

“அண்ணே, எந்தக் கட்டத்துல டிக் போட்டீங்க?”

“ரெண்டாவதுலம்மா.”

“மேனேஜர் கூப்ட்டு, ஏன் போறே, யார் மேல கோவம்னு கேக்கறாரு. நா முழிக்கறேன்! பினாங்குக்குத்தானே மூனு மாசமா காத்துக்கிட்டு இருக்கேன்!”

“நீ சொல்லவே இல்லியேம்மா…”

“நீங்க கேக்கவே இல்லியேண்ணே!”

கைலியை மாற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழி முழுக்க ஒரே எண்ணம்: என் கையாலேயே அவள் பிழைப்பை முடித்துவிட்டேன்.

ஃபேக்டரி வாசலில் காவலாளி இருக்கும் கார்டு போஸ்டுக்குப் பக்கத்து அறையில் மேனேஜர் ரஸ்லானும் மலர்க்கொடியும் இருந்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. அண்ணன் நிரப்பினார், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று மலாய் மொழியில் சொன்னாள்.

ரஸ்லான் தங்கையாவைப் பார்த்துக் காரணம் கேட்டார். மெஷினே எல்லாம் செய்யும்போது இனி இவள் எதற்கு என்று நினைத்துவிட்டேன் என்று அவர் திக்கித் திணறிச் சொன்னார்.

ரஸ்லான் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. அந்த ஆறு கைகளும் போன மாதம் மட்டும் பதினொரு தடவை நின்றுபோயின என்றார். பழுதுபார்க்க ஒன்பது பேர் வேண்டும், இருப்பது நாலு பேர். இவளைத் தவிர மற்ற மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஐந்து மாதமாக விளம்பரம் போட்டும் தகுதியான ஆள் ஒருவர்கூட வரவில்லை. பிறகு கையிலிருந்த கடிதத்தை நீட்டினார். வேலையை விடக் கேட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

தங்கையா அந்த வரியில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். வேலையை விட்டு நிறுத்தும் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறார். போகிறேன் என்றவளைப் போகவிடாத கடிதம் ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

பினாங்குக்கு வேறு ஃபாரம் திங்கட்கிழமை தருவதாக ரஸ்லான் சொன்னார். இப்போதே வேண்டும் என்றாள் மலர்க்கொடி. ஃபாரம் வந்ததும் காவலாளியிடம் பேனா வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் படித்து அவளே நிரப்பினாள். தங்கையா கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது பிரிஜிட் எதிரே வந்தாள். இருபத்து நாலு வருடம் லைனில் உட்கார்ந்தவள்.

“மலரு! நீயும் வி.எஸ்.எஸ். கேட்டியாமே, கெடச்சிச்சா?”

“இல்லக்கா. ரிஜெக்ட்.”

“அட பாவமே! மத்த லைன்லயும் சேத்து எங்க அறுவத்தி மூனு பேருக்கும் அப்ரூவ் லா. ஒன்ன மட்டும் ஏன்டி புடிச்சி வச்சிக்கறானுங்க?” பிரிஜிட் உண்மையாகவே வருத்தப்பட்டு அவள் தோளைத் தட்டினாள்.

“அடுத்து என்னா பண்ணப் போறீங்கக்கா?”

“மொத ஒரு வாரம் நல்லா தூங்கணும். அப்புறம் வேற ஃபேக்டரி பாக்க வேண்டியதுதான். லைன் வேலதானே, எங்கயும் கெடைக்கும்.”

அவள் கையை ஆட்டிவிட்டு வேனில் ஏறினாள். மலர்க்கொடி வேன் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எல்லா ஃபேக்டரிலயும் இதே மெஷின்தாண்ணே வருது” என்றாள். “அத எப்படி நா அக்காகிட்ட சொல்லுவேன்?”