மஞ்சள் வைக்காத சட்டை

என் பொண்ணு எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்தபோது போன வருசத்து யூனிபார்மைத்தான் போட்டுக்கினு போனாள். சட்டை அக்குளில் பிடித்தது. பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. புதுசு வீட்டில்தான் இருந்தது. ட்ரங்குப் பெட்டியில், மடிப்புக் கலையாமல்.

அது வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கத்திரி வெயில் தொடங்கின சமயம் அவள் அம்மா செத்துப்போனாள். நெஞ்சு வலிக்குது என்றாள். தண்ணி கேட்டாள். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் சுரங்க வேலைக்கு முதல் ஷிப்ட் கிளம்பி நின்றேன், காலில் ஷூவோடு. அதில் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

கருமாதிக்குப் பொறந்த வூட்டுக் கோடி வரும். செத்தவளோட கூடப் பிறந்தவர்கள் கொண்டு வருகிற புதுத்துணி. தலை முழுகிவிட்டு அதைத்தான் உடுத்த வேண்டும். என் மச்சினன் ஒரு பையோடு வந்தான். எனக்கு வேட்டி, துண்டு. பொண்ணுக்கு வெளிர் நீலச் சட்டை, கருநீலப் பாவாடை. பள்ளிக்கூட யூனிபார்ம்.

"கோடின்னு வேற துணி எடுத்தா பெட்டியிலதான் கெடக்கும் மாமா. இதுன்னா பள்ளிக்கூடத்துக்கு ஆவும்" என்றான்.

வந்திருந்த பெரியவர்கள் நல்ல ரோசனை என்றார்கள். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. பொண்ணு குளித்துவிட்டு வந்து அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பொம்பளைங்க சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். யூனிபார்ம் போட்டுக்கொண்டு பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தாள். சாயந்திரம் கழற்றி மடித்து வைத்தாள். அப்புறம் எடுக்கவில்லை.

எங்கள் பக்கம் புதுத்துணி என்றால் காலர் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துத்தான் உடுத்துவோம். ஜூன் மாசம் டவுன்ஷிப் பஸ்ஸில் பார்த்தால் தெரியும். ஏறுகிற பிள்ளைகள் எல்லாம் கழுத்துக்குப் பின்னால் மஞ்சளோடுதான் ஏறும். கோடிக்கு மஞ்சள் வைக்க மாட்டோம்.

பள்ளிக்கூடத்தில் முதலில் விட்டுவிட்டார்கள். அப்புறம் பழைய யூனிபார்ம்காரர்களைப் பிரேயரில் தனியாக நிற்க வைத்தார்கள். மூன்று பிள்ளைகள். மற்ற ரெண்டு பேருக்கும் டெய்லர் தைத்துக் கொடுத்துவிட்டான். இவள் மட்டும் நின்றாள்.

ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"நான் இனிமே போவலப்பா."

ஏன் என்று கேட்டேன். ரொம்ப நேரம் தண்ணியையே மாற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் மஞ்ச இருக்குது. அதுல இல்ல. ஏன்டி வெக்கலன்னு கேட்டா என்னா சொல்றது?"

இப்போது வைத்துவிடலாம் என்றேன். ஒருதரம் உடுத்தினதுக்கு வைக்கக் கூடாது என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. வேற ஒண்ணு எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"அம்மாவுக்கு வந்தத வூட்ல வெச்சிக்கினு வேற எடுக்கறதா? அது பெட்டிக்குள்ளயே இருக்கும் இல்ல."

கோடியை யாருக்கும் கொடுக்கவும் மாட்டோம். கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். மறுநாளிலிருந்து அவள் வீட்டில் இருந்தாள். சோறு ஆக்கினாள், பாத்திரம் கழுவினாள். அவள் அம்மா செய்த வேலை எல்லாம் செய்தாள். இப்படியே விட்டால் இப்படியேதான் இருந்துவிடுவாள் என்று தெரிந்தது. எங்கள் தெருவில் அப்படி நின்றுபோன பிள்ளைகள் உண்டு.

அந்தச் சமயம்தான் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொன்னார்கள். யூனிபார்ம் கட்டாயம் வேணுமா, வாரத்தில் ஒரு நாள் கலர் துணிக்கு விடலாமா என்று கருத்துக் கேட்டார்கள். நான் முதல் ஷிப்ட் முடிந்து அப்படியே போனேன். சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரிப் போடுகிற வேலை எனக்கு. கான்ட்ராக்ட். சட்டையெல்லாம் கரி. பின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கம்பெனி வீட்டில் இருக்கிற பர்மனென்ட் ஆள், குவார்ட்டர்ஸ்காரர் ஒருத்தர் எழுந்து, யூனிபார்ம் போட்டால்தான் பர்மனென்ட் வீட்டுப் பிள்ளை, கான்ட்ராக்ட் வீட்டுப் பிள்ளை என்று வித்தியாசம் தெரியாது என்றார். நல்ல மனுசன்தான். சொல்லும்போது என் சட்டையைப் பார்த்தார். அப்புறம் வேறு பக்கம் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருக்கிற அம்மா ஒன்று. அதன் பொண்ணும் என் பொண்ணும் ஒரே வகுப்பு. கலர் துணி என்றால் காலையில் வீட்டில் சண்டை, யூனிபார்ம் என்றால் சண்டை இல்லை, அதனால் யூனிபார்மே இருக்கட்டும் என்று சொல்லிச்சு.

"எங்க வூட்டுக்காரிக்கும் ஒரு யூனிபார்ம் வெச்சிட்டீங்கன்னா தீபாவளிக்கு நான் நிம்மதியா இருப்பேங்க" என்றார் என்னை மாதிரியே கரிச் சட்டையோடு வந்திருந்த ஒருத்தர்.

"உங்க கரிச் சட்டையைத் தொவைக்கிறதுக்கு ஒரு ஆளு வெச்சிடுங்க. அவங்களும் நிம்மதியா இருப்பாங்க" என்றது இட்லிக்கார அம்மா.

சிரித்தார்கள். அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். யூனிபார்ம் கட்டாயம் என்பதற்கு நிறையக் கை. நானும் தூக்கினேன். எதற்குத் தூக்கினேன் என்று கேட்டால் எல்லாரும் தூக்கினார்கள்.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். உங்க பொண்ணு வர்றதே இல்லையே, துணி எடுக்க முடியலையா, சொன்னா ஏற்பாடு பண்ணலாமே என்றார். குவார்ட்டர்ஸ்காரர் உடனே தான் எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

"துணி இருக்குதுங்க" என்றேன்.

"இருந்தா ஏன் போடல?"

"அது அவங்கம்மா கருமாதிக்கு வந்த கோடிங்க."

பெரிய டீச்சர் வெளியூர்க்காரர். பக்கத்து டீச்சரிடம் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். குவார்ட்டர்ஸ்காரரும் மறுபடி என் பக்கம் திரும்பவில்லை. சாவு வீட்டுத் துணிப் பேச்சு. யாரைச் சொல்ல முடியும்.

ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கார அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திச்சு. கையில் மஞ்சப்பை. உள்ளே அதன் பொண்ணோட யூனிபார்ம், இந்த வருசம் எடுத்தது. காலரில் வைத்த மஞ்சள் சோப்புத் தண்ணி பட்டுச் சிவந்து மங்கி இருந்தது. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான், இதை வெச்சிக்கிட்டு அதைக் குடுங்கண்ணே என்றது.

அது கோடி என்று மறுபடியும் சொன்னேன்.

"தெரிஞ்சிதான வந்தேன். எம்பொண்ணுகிட்டயும் கேட்டுட்டேன். 'எனக்கு என்னா, எங்கம்மாதான் இருக்குதே'ன்னிச்சு."

சொல்லிவிட்டு அந்தம்மா வாயை மூடிக்கொண்டது. என் பொண்ணு கதவு ஓரத்தில் நின்றிருந்தாள். பிள்ளை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுக்கு அம்மா இருக்கிறது, அதனால் கோடியைப் போடலாம்.

பொண்ணு உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கொண்டு வந்து ரெண்டு கையாலும் நீட்டினாள். அந்தம்மா இடுப்பிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்து, உள்ளங்கையில் தண்ணி விட்டுக் குழைத்து, அந்தச் சட்டைக் காலரில் வைத்தது.

"ஒடுத்தினதுக்கு வெக்கக் கூடாது இல்ல, அத்தே?" என்றாள் பொண்ணு.

"ஆளு மாறினா துணி புதுசுதான்டி."

பொண்ணு அந்தக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மஞ்சப்பையை வாங்கிக்கொண்டாள். டீ போடட்டுமா என்று கேட்டேன். மாவு அரைக்கணும் என்று போய்விட்டது.

திங்கட்கிழமை நானே சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். பிரேயர் முடிகிறவரை கேட்டுக்கு வெளியே நின்றேன். யாரையும் தனியாக நிற்க வைக்கவில்லை. எட்டாவது வகுப்பு வரிசையில் என் பொண்ணைத் தேடினேன். எல்லாம் ஒரே நீலம், எல்லாம் ரெட்டைச் சடை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இட்லிக்கார அம்மா பொண்ணு அவளுக்குப் பின்னால் நின்று சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இவள் திரும்பிக் கையைத் தட்டிவிட்டாள்.

எனக்கு அன்றைக்கு ரெண்டாவது ஷிப்ட். நேரம் இருந்தது. வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் இட்லி தின்றேன். அந்தம்மா கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றியது. இலையை மடித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.